இலவச கோர்ஸ் இருக்கும்போது வளையலை அடகு வைக்கணுமா?

அபிராமத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. மகன் பி.எஸ்சி. முடிச்சிருக்கான். ஒரு பயிற்சி மையத்துல பைத்தான் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறாங்களாம். வளையலை அடகு வைக்கலாமான்னு கேட்டாங்க. வட்டி 12 சதவீதம்னே வைங்க, வருஷத்துக்கு வட்டி மட்டும் 7,200 ரூபாய். "அக்கா, கொஞ்சம் பொறுங்க, முதல்ல அவன் என்பிடெல்-ல படிச்சுப் பார்க்கட்டும்"னு சொன்னேன்.

என்பிடெல் என்பது ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல் ஆரம்பிச்ச திட்டம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இதன் வகுப்புகள் ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு முறை தொடங்கும். பைத்தானுக்கே ஐஐடி ரோபரின் 12 வார கோர்ஸ் இருக்கு. சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வார கோர்ஸும் இருக்கு. ஆனா அது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கடினம்.

வீடியோவுக்கும் வாராந்தர பயிற்சிக்கும் ஒரு பைசா கிடையாது. சான்றிதழ் வேணும்னாதான் ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. வாராந்தர பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அதில் முறையே 10, 30 எடுத்தாதான் சான்றிதழ். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்குப் போகணும். அபிராமத்துக்காரங்க பார்த்திபனூர் வழியா மதுரை வரை போய் வர பஸ் காசு, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக்கோங்க.

இப்ப கசப்பான விஷயம். ஹார்வர்டு, எம்ஐடி நடத்திய இணைய கோர்ஸ்களைப் பற்றி 2019ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18ல் சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13 சதவீதம்தான்! சான்றிதழுக்குப் பணம் கட்டியவங்கள்ல 46 சதவீதம் முடிச்சாங்க. பணம் கட்டினதால முடிச்சாங்களா, முடிக்கிற எண்ணம் இருந்தவங்க மட்டும் கட்டினாங்களா? எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. அப்படிப் பார்த்தா, பாதியில விடுற பையன் 60,000 கட்டினாலும் விடத்தான் செய்வான்.

இன்னொண்ணு, மொழி. பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்துல. பல கோர்ஸ்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தாலும், ஐஐடி பேராசிரியர் வேகத்துக்குத் தமிழ் வழியில படிச்ச பிள்ளை தடுமாறும். சந்தேகம் கேட்க பக்கத்துல ஆள் இல்லாததும் பெரிய குறை. பயிற்சி மையத்துக்குக் கொடுக்கிற காசுக்கு நியாயம் இருந்தா அது இதுக்குத்தான்.

அதனால அந்த அக்காகிட்ட சொன்னது இதுதான். வகுப்பு தொடங்கிச் சில வாரம் வரைக்கும் தேர்வுக்குப் பதிவு பண்ணலாம். முதல் ரெண்டு வாரப் பயிற்சியை மகன் தானா முடிச்சா 1,000 ரூபாய் கட்டுங்க. புரியாம நின்னா, எங்கே நின்னான்னு கேட்டு, அதைச் சொல்லித்தர ஆள் தேடுங்க. அதுக்கு 60,000 ஆகாது. ரெண்டாவது வீடியோவுக்கு மேல திறக்கவே இல்லைன்னா, வளையலைத் தொடாதீங்க.

ஸ்வயம்ல பதிவு பண்றது எப்படின்னு இந்த வார வீடியோவுல ஸ்கிரீன்லயே காட்டியிருக்கேன்.