முன் பிரேக்கைப் பிடித்தால் ஸ்கூட்டர் கவிழுமா?

ஸ்கூட்டர் ஓட்டும் பலர் வலது கையில் இருக்கும் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறார்கள். அது வீண் பயம், ஆபத்தான பயமும்கூட. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. முன் டயர் தரையில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் ஓங்கிப் பிடித்தால் பின் சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி சறுக்கிக்கொண்டே போகும்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சேர்ந்து பிடிக்கும் வண்டியில் இடது லீவரை அழுத்தினால் முன் பிரேக்கும் பிடிக்கும், ஆனால் கொஞ்சம்தான். முழு பலத்துக்கு வலது லீவரும் வேண்டும்.

மணலிலும் ஈரத்திலும் வெடுக்கென்று பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டு லீவரையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தம் கூட்டி, ஆளில்லாத இடத்தில் பழகிக்கொள்ளுங்கள்.