கொள்ளு மட்டும் போதாது... குதிரையின் முதுகுக்கு பலம் வருவது எப்படி?

'கொள்ளு சாப்பிட்டால் குதிரை மாதிரி ஓடலாம்' என்று சொல்லாத வீடு குறைவு. ஆனால், கொள்ளைக் கொட்டிக் கொடுத்தால் மட்டும் குதிரைக்கு பலம் வந்துவிடுமா? வராது. வயிறு பெருக்கும், கொழுப்பு சேரும். ஆளைச் சுமக்க வேண்டிய முதுகு மட்டும் அப்படியே ஒட்டிக் கிடக்கும்.

குதிரையின் கழுத்து மேல்புறத்தில் தொடங்கி, முதுகு, இடுப்பு வழியாக வால் வரை போகும் தசை வரிசையை, குதிரை வளர்ப்பவர்கள் 'டாப்லைன்' என்பார்கள். குதிரையின் உடலிலேயே மிக நீளமான தசை இங்கேதான், முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடுகிறது. நாம் சேணம் போட்டு உட்கார்வதும் இதன் மேல்தான். இந்தத் தசை வற்றியிருந்தால் சேணம் எலும்பை அழுத்தும். வலி வந்த குதிரை முதுகை விறைத்துக்கொள்ளும், துள்ளும், உதைக்கும். கடைசியில் 'முரட்டுக் குதிரை' என்று பெயர் வாங்கி, கை மாறிக்கொண்டே இருக்கும்.

ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள்

இந்தச் சிக்கல் அதிகம் தெரிவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளிடம். நம் நாட்டு ரைடிங் பள்ளிகள் பலவற்றில் இவைதான் மாணவர்களைச் சுமக்கின்றன. இரண்டு வயதிலேயே பந்தயத்துக்கு வந்துவிடும் குதிரை, எடை குறைந்த ஜாக்கியுடன் நேராக, வேகமாக ஓடப் பழகியது. மெதுவாக, வளைந்து, சமநிலையோடு ஓர் ஆளைச் சுமக்க வேறு தசைகள் வேண்டும். அந்தத் தசைகளை உருவாக்கித் தருவதுதான் அதன் இரண்டாவது வாழ்க்கைக்கான அஸ்திவாரம்.

கொழுப்பா, தசையா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையானாலும் சரி, வேறு எங்கானாலும் சரி, பளபளவென்று உருண்டு திரண்ட குதிரைதான் முதலில் கண்ணில் படும். அந்த உருட்சி கொழுப்பாகவும் இருக்கலாம்.

1983-ல் அமெரிக்காவின் டான் ஹென்னிகி வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அதுவும் கொழுப்பைத்தான் அளக்கிறது, தசையை அல்ல. தசையை அறியக் கைதான் கருவி. முதுகெலும்பில் கை வைத்து விலா பக்கமாக இறக்கிப் பாருங்கள். ஓட்டுக்கூரை போலச் செங்குத்தாகச் சரிந்தால் தசை இல்லை. பந்தல் வளைவு போல நிரம்பி, அழுத்தினால் திடமாக இருந்தால் தசை. வால் அடியிலும் பிடரி மேட்டிலும் மெத்தென்று அமுங்கினால் அது கொழுப்பு.

தட்டில் என்ன வேண்டும்?

முதலில் புல். ஒரு குதிரைக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 சதவிகிதம் வரை உலர்புல் தினமும் வேண்டும். 450 கிலோ குதிரை என்றால் ஏறக்குறைய 7 முதல் 9 கிலோ. அருகம்புல்லை உலர்த்திக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர, தசைக்கு உதவாது.

அடுத்தது புரதம். அளவைவிடத் தரம் முக்கியம். தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் குதிரைக்கு முதலில் பற்றாக்குறை ஆவது லைசின். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் தந்த கணக்குப்படி, வேலை இல்லாத 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 630 கிராம் புரதமும், அதில் 27 கிராம் லைசினும் தேவை. நடுத்தர வேலை செய்தால் புரதத் தேவை 768 கிராமாக உயரும்.

ஓட்ஸ், பார்லி போன்ற தானியங்களில் லைசின் குறைவு, பருப்பு வகைகளில் அதிகம். இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்ப்பதுபோல, தானியத்தோடு கொள்ளு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கொள்ளை ஊறவைத்து வேகவைத்துத் தருவது நல்லது, செரிமானம் எளிதாகும். குதிரைமசால் இன்னொரு நல்ல துணை. புரதம், லைசின், கால்சியம் மூன்றும் அதில் உண்டு.

தவிட்டில் கவனம் தேவை. அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பு பலவீனப்படும்.

குதிரையின் இரைப்பை சிறியது, அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. எனவே ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் தானியம் வேண்டாம். தீவனத்தை மாற்றுவதானால் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். திடீர் மாற்றம் உயிரைப் பறிக்கும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம். புரதத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் உடல் சேர்த்துவைக்காது. அது சிறுநீரில் போய், லாயத்தில் நெடியடிக்கும்.

செங்கல் இருக்கிறது, கொத்தனார் எங்கே?

தீவனம் என்பது செங்கல். சுவர் எழுப்புவது பயிற்சி. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றதே, அந்த 'டிரஸாஜ்' போட்டியின் பெயருக்கு பிரெஞ்சு மொழியில் பயிற்சி என்றுதான் பொருள். பல ஆண்டுகள் பொறுமையாகத் தசையைச் செதுக்கும் கலை அது.

அடிப்படை எளிமையானது. குதிரை தலையைத் தூக்கி, முதுகைப் பள்ளமாக்கி நடந்தால் கழுத்தின் கீழ்ப்புறத் தசைதான் பருக்கும். தலையைத் தாழ்த்தி முன்னே நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து நடந்தால், வயிற்றுத் தசை இறுகி முதுகு மேலே எழும். முதுகு தூக்கப்படும்போதுதான் அங்கே தசை வளர வழி கிடைக்கும்.

முதல் சில வாரங்களுக்கு நடை மட்டும் போதும். மேட்டு நிலத்தில் மெதுவாக ஏற்றி நடத்துங்கள். பிறகு தரையில் நான்கைந்து மரக்கம்புகளைப் போட்டு அவற்றைத் தாண்டி நடக்க வையுங்கள். பெரிய வட்டங்கள், அடிக்கடி திசை மாற்றம், நடையிலிருந்து துள்ளோட்டம், மறுபடி நடை, சில அடிகள் பின்னால் நகர்த்தல் என்று சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். தசை வளர்வது ஓய்வில்தான். வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறையும், தினமும் திறந்தவெளியில் உலவ நேரமும் கட்டாயம்.

கேரட்டைக் காட்டி, குதிரையைத் தன் மார்பு, விலா, முன்னங்கால் பக்கமாகக் கழுத்தை வளைக்க வைப்பது இன்னோர் எளிய பயிற்சி. ஹிலாரி கிளேட்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஐந்து நாள் என மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை பருத்திருந்தது.

தலையைக் கயிற்றால் இழுத்துக் கட்டி வளைப்பது குறுக்குவழி. கழுத்து வளைந்ததுபோலத் தெரியும், முதுகு இறுகிப்போகும்.

எல்லாம் செய்தும் தசை வரவில்லையா?

அப்படியானால் குதிரையைச் சோம்பேறி என்று திட்டும் முன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கூரான பற்கள், குடற்புழுக்கள், முதுகுவலி ஆகியவை தசையைத் தடுக்கும். பந்தயக் குதிரைகளுக்குச் சகஜமான இரைப்பைப் புண்ணும் அப்படித்தான். பொருந்தாத சேணம் இருக்கும் தசையையும் வற்றவைக்கும். முதுகின் வடிவம் மாற மாற, சேணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் நிறுத்தி மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்று, நான்கு படங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும். கொழுப்பைச் சில வாரங்களில் ஏற்றிவிடலாம், தசைக்கு மாதங்கள் வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால், 'இனி உதவாது' என்று ஒதுக்கப்பட்ட குதிரைகூட, ஒரு குழந்தையைப் பத்திரமாகச் சுமந்து வலம் வரும்.