இணையத்தில் புரோகிராமர் வேலை: கொடுப்பவரும் எடுப்பவரும் அறிய வேண்டியவை

பத்மநாபபுரம், தக்கலை, திருவிதாங்கோடு பகுதிகளிலிருந்து நமது அலுவலகத்துக்கு வருவோர் அண்மைக் காலமாக இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பது ஒன்று: "பையன் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். வளைகுடா விசா வரும்வரை இணையத்தில் வேலை எடுத்துச் செய்யலாம் என்கிறான். நம்பலாமா?" வியாபாரிகள் கேட்பது மற்றொன்று: "கடைக்கு ஒரு செயலி செய்ய வேண்டும். இணையத்தில் குறைந்த செலவில் ஆள் கிடைக்கும் என்கிறார்கள். பணம் அனுப்பலாமா?"

இரண்டும் ஒரே கேள்விதான். முகம் பார்த்திராத ஒருவரிடம் நம் உழைப்பையோ பணத்தையோ ஒப்படைக்கலாமா என்பதே அது. ஒப்படைக்கலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் ஆளின் பேச்சை நம்பி ஒப்படைக்கக் கூடாது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எழுதி வைத்து, பணத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டை நம்பி ஒப்படைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை விளக்கவே இக்கட்டுரை.

இந்தச் சந்தை எப்படி வந்தது?

கணினி வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும் என்ற நிலை மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நமக்கு அருகே திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் 1990இல் தொடங்கியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் அமைத்தது. அலுவலகமே இல்லாமல், வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் நேரடியாகச் சேர்த்து வைப்பவை இணைய வேலைச் சந்தைகள்.

அமெரிக்காவில் 1999இல் ஈலான்ஸும், 2003இல் ஓடெஸ்க்கும் தொடங்கின. பின்னர் இரண்டும் இணைந்து, 2015 முதல் அப்வொர்க் என்ற பெயரில் இயங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2009இல் தொடங்கிய ஃப்ரீலான்சர் நிறுவனம், முன்பு 'ரென்ட் எ கோடர்' என்ற பெயரில் இயங்கிய தளத்தை 2012இல் வாங்கியது. ஃபைவர் 2010இல் வந்தது.

முதல் இரண்டு தளங்களிலும் வேலை கொடுப்பவர் தம் தேவையை எழுதிப் போடுவார். புரோகிராமர்கள் தங்கள் விலையையும் செய்யும் முறையையும் சொல்லி விண்ணப்பிப்பார்கள். ஃபைவர் பெரும்பாலும் கடை போன்றது. "இந்த வேலையை இத்தனை நாளில் இந்த விலைக்குச் செய்து தருவேன்" என்று புரோகிராமரே அடுக்கி வைப்பார், வேண்டியவர் வாங்கிக்கொள்வார்.

தளங்கள் கை மாறுவதையும் பெயர் மாறுவதையும் மேலே பார்த்தோம். ஒரு தளத்தில் சேர்த்த நட்சத்திரங்களும் நற்சான்றுகளும் இன்னொரு தளத்துக்கு எளிதில் கூட வருவதில்லை. ஆகவே வேலை எடுப்பவர்கள் தாம் செய்த வேலையின் மாதிரிகளைத் தமக்கென்று தனியே சேர்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

பணம் நடுவில் நிற்கும் ஏற்பாடு

நம் ஊரில் வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடம் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுப்பதில்லை. அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு பங்கு, கான்கிரீட் போட்டதும் ஒரு பங்கு, பூச்சு முடிந்ததும் மீதி என்று கொடுப்போம். இணையச் சந்தையில் இந்தப் படிகளுக்கு 'மைல்ஸ்டோன்' என்று பெயர்.

ஒரு வேறுபாடு உண்டு. படிக்கான பணத்தை, வேலை தொடங்குமுன்னரே வேலை கொடுப்பவர் தளத்திடம் செலுத்திவிட வேண்டும். தளம் அதை அமானத்தாக வைத்திருக்கும். வேலையைப் பார்த்து அவர் ஒப்புக்கொண்ட பிறகே புரோகிராமருக்குப் போகும். பணம் உண்டு என்பது செய்பவருக்கு உறுதி. வேலை வராமல் பணம் போகாது என்பது கொடுப்பவருக்கு உறுதி. இருவருக்கும் வழக்கு வந்தால், தளத்தில் நடந்த உரையாடலையும் ஒப்புக்கொண்ட விவரத்தையும் வைத்துப் பேசித் தீர்க்க வழி உண்டு. இதனால்தான் பேச்சையும் பணத்தையும் வாட்ஸ்அப்புக்கோ நேரடி வங்கிக் கணக்குக்கோ மாற்றச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறோம். வெளியே போனதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தளத்தின் விதியும் மீறப்படுகிறது.

இந்த அமானத்துக்குக் கெடு உண்டு. அப்வொர்க்கில் நிலையான விலை வேலை ஒப்படைக்கப்பட்டு 14 நாள்கள் வரை வேலை கொடுத்தவர் பதில் சொல்லாவிட்டால் பணம் தானாகவே விடுவிக்கப்படும். ஃபைவரில் 3 நாள்கள் பேசாமல் இருந்தால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் குறையைச் சுட்டும் வாய்ப்பு போய்விடும். வேலை சரியாக இருந்தால் கெடு வரை காத்திராமல் உடனே ஒப்புதல் கொடுப்பதே முறை. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

மணிக்கணக்கில் கூலி பேசும் முறையும் உண்டு. அப்வொர்க்கில் அப்படி வேலை செய்யும்போது, ஒரு மணி நேரத்தில் ஆறு முறை புரோகிராமரின் கணினித் திரை படம் பிடிக்கப்பட்டு, வேலை கொடுத்தவர் பார்க்கும்படி வைக்கப்படும். முதல் முறை வேலை கொடுப்பவர்களுக்கு மணிக்கணக்கை விட, படிப்படியான நிலையான விலையே நல்லது.

தளத்தின் பங்கு எவ்வளவு?

ஃபைவர், விற்பவரிடமிருந்து 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 10,000 ரூபாய் வேலைக்குக் கைக்கு வருவது 8,000 ரூபாய். அதுவும் பொதுவாக வேலை முடிந்து 14 நாள்கள் கழித்தே எடுக்க முடியும். ஃப்ரீலான்சர் தளம் நிலையான விலை வேலைகளில் 10 சதவீதம் அல்லது 5 டாலர், இதில் எது அதிகமோ அதை எடுக்கிறது. அப்வொர்க் 2023இல் 10 சதவீதம் என்று வைத்திருந்தது, 2025இல் அதை வேலைக்கேற்ப 0 முதல் 15 சதவீதம் வரை என்று மாற்றியது. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களைச் செலவிட வேண்டும். டாலரை ரூபாயாக்கும்போதும் ஒரு தொகை கழியும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், விலை பேசுமுன் தளத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கு

முதலில், புதிதாகச் செய்யத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பில் போடவும் இருப்பு பார்க்கவும் ஆயத்த மென்பொருள்கள் குறைந்த செலவில் கிடைக்கின்றன. அவற்றில் அடங்காத தேவை இருந்தால் மட்டுமே புரோகிராமரைத் தேடுங்கள்.

தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "கடைக்கு ஒரு ஆப் வேண்டும்" என்று எழுதினால் 5,000 ரூபாயும் கேட்பார்கள், 5 லட்சமும் கேட்பார்கள். "வாடிக்கையாளர் போனில் சரக்குப் பட்டியலைப் பார்க்க வேண்டும், ஆர்டர் போட வேண்டும், எங்களுக்கு உடனே தகவல் வர வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், பணம் கடையில் வாங்கிக்கொள்வோம்" என்று எழுதினால் சரியான விலை வரும். எது வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். பின்னால் வரும் சச்சரவுகளில் பல, எழுதாமல் விட்ட வரிகளிலிருந்தே பிறக்கின்றன.

நட்சத்திரங்களை மட்டும் பார்த்து முழு வேலையையும் ஒருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு பகுதியைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். சொன்ன நாளில் தருகிறாரா, புரியாததைக் கேட்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மாதிரி என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நியாயமல்ல.

அடுத்தது பலர் அறியாத ஒன்று: செய்து வாங்கிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி மென்பொருளும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. சம்பளத்துக்குப் பணியில் இருப்பவர் தம் பணியின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை அது முதலாளிக்கு உரியது. வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் செய்து தருபவர் எழுதியது பொதுவாக அவருக்கே உரியது. பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். எனவே "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதி வாங்குங்கள். தளங்களின் பொது விதிகளிலும் இதுபற்றிச் சொல்லப்பட்டிருக்கும், அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இணைய முகவரியையும் சர்வர் கணக்கையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். புரோகிராமருக்கு வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் கொடுங்கள். கடைசிப் படியின் பணத்தை விடுவிக்குமுன் சோர்ஸ் கோடு முழுவதையும் வாங்கி, வேறொரு கணினியில் அது இயங்குகிறதா என்று சரிபாருங்கள். பிறகு கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு தனி வேண்டுகோள். கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்குகளுக்கு மென்பொருள் செய்யும்போது, உதவி பெறுவோரின் பெயர், போன் எண், ஆதார் விவரம் எதையும் புரோகிராமருக்கு அனுப்ப வேண்டாம். கற்பனைப் பெயர்களை நிரப்பிய மாதிரிப் பட்டியலே அவருக்குப் போதும். உதவி கேட்டு வந்தவரின் மானமும் நம்மிடம் உள்ள அமானத்துதான்.

வேலை எடுப்பவர்களுக்கு

இது உலகச் சந்தை. நம் பிள்ளைகள் போட்டியிடுவது பக்கத்து ஊரினரோடு மட்டுமல்ல, டாக்காவிலும் லாகூரிலும் மணிலாவிலும் இருப்பவர்களோடும்தான். சின்னச் சின்ன வேலைகள் சிலவற்றை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே முடித்துவிடுகின்றன. முதல் வேலை கிடைக்கவே சில மாதங்கள் ஆகலாம். ஆகவே கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். கிடைத்த வேலை வாய்ப்பையும் இதற்காகத் தள்ள வேண்டாம். வீட்டிலிருந்தே செய்யக்கூடியது என்பதால், படித்துவிட்டு வெளியே வேலைக்குச் செல்ல இயலாத சகோதரிகளுக்கு இது நல்ல வழி.

"எல்லா வேலையும் தெரியும்" என்று எழுதுபவரை யாரும் தேடுவதில்லை. ஒரு துறையைப் பிடியுங்கள். அதில் முழுமையாகச் செய்த இரண்டு மூன்று மாதிரிகளைக் கிட்ஹப் போன்ற பொது இடத்தில் வையுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் படிப்பைப் பற்றி நீட்டாமல், அவர் கேட்ட வேலையை எப்படிச் செய்வீர்கள், எத்தனை படி, எத்தனை நாள் என்று எழுதுங்கள். தெளிவான எளிய ஆங்கிலம் போதும். முடியாத கெடுவை ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் வேலைகளில் வரும் நற்சான்றுதான் அடுத்த வேலையைக் கொண்டுவரும். சூதாட்டம், வட்டிக் கடன் செயலி போன்ற வேலைகளும் அங்கே வரும். அவற்றைத் தவிர்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏமாற்று வழிகளையும் அறிந்திருங்கள்.

வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம், முன்பணம், பாதுகாப்பு வைப்பு என்று கேட்பவர் வேலை தருபவர் அல்லர்.

"உங்கள் கணக்கை எனக்கு வாடகைக்குத் தாருங்கள், மாதம் பணம் தருகிறேன்" என்பவரிடம் தராதீர்கள். அது தளத்தின் விதிக்குப் புறம்பு. அவர் செய்யும் மோசடி உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கின் மீது வந்து விழும்.

சோதனைப் பணி என்று ஒரு கோப்பை அனுப்பி, கணினியில் இயக்கிப் பார்க்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. கடவுச்சொற்களைத் திருடும் நிரல் அதற்குள் இருக்கலாம். தெரியாதவர் தந்த கோப்பை, சொந்த விவரங்கள் உள்ள கணினியில் இயக்காதீர்கள்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வருமானம் வருமானமே. கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ரசீது எழுதி, பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் சேர்த்து வைத்து, ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒழுங்கான கணக்கு, நாளை வங்கிக் கடனில்லாமல் ஒரு சிறு நிறுவனம் தொடங்க நினைத்தாலும் உதவும்.

நம் பகுதியில் குடும்பத்துக்காக வளைகுடாவில் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் இல்லாத தெரு குறைவு. ஊரில் இருந்தபடியே நேர்மையாகச் சம்பாதிக்க ஒரு வழி இருக்கிறது என்றால், அதை நம் பிள்ளைகள் ஏமாறாமலும் பிறரை ஏமாற்றாமலும் பயன்படுத்த வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். வேலை கொடுப்பவரோ எடுப்பவரோ, ஒப்புக்கொள்ளுமுன் அந்த ஒரு பக்கத் தேவைக் குறிப்பை நமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.