உறைபனியில் உழைக்கும் நுண்ணுயிர்கள்

மனிதர் வாழுமிடமெல்லாம் கழிவும் சேரும். அதனைச் சிதைத்து மண்ணோடும் காற்றோடும் கலக்கச் செய்யும் பணியை இயற்கை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துள்ளது. அவ்வுயிர்கள் உழைக்க வெப்பம் இன்றியமையாதது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்கத் தாமதமாவதை நாம் அறிவோம். இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நிலவும் சிறு குளிருக்கே இந்நிலை எனில், உறைபனி நிலங்களில் கழிவு என்னவாகும்?

பனியில் தேங்கும் மாசு

இமயத்தின் சியாச்சின் பனியாற்றில் 1984 முதல் நம் படைவீரர்கள் காவல் புரிகின்றனர். குளிர்காலத்தில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்குவதுண்டு. அங்கே கழிவு மட்காது. பனிக்குள் அப்படியே உறைந்து கிடக்கும். அப்பனி உருகியே நூப்ரா ஆறு பெருகுகிறது; அது சையோக் ஆற்றில் கலந்து, பின் சிந்துவைச் சேர்கிறது. ஆதலின் மலைமேல் தேங்கும் மாசு, கீழே வாழ்வோரின் குடிநீருக்கும் கேடாக முடியும்.

அறிஞர் கண்ட வழி

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் குவாலியர் ஆய்வக அறிஞர்கள், அண்டார்க்டிகா முதலிய குளிர்ப்பகுதிகளில் திரட்டிய நுண்ணுயிர்களைப் பழக்கி, 5 டிகிரி செல்சியஸ் அளவிலும் செயற்படும் கலவை ஒன்றை உருவாக்கினர். காற்றுப் புகாத, வெப்பம் காக்கும் தொட்டியில் இவை கழிவைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் பெரிய மூலக்கூறுகள் சிறியனவாக உடைகின்றன, பின்னர் அமிலங்களாகின்றன, இறுதியில் மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் நீரே.

நம் ஊர்த் தண்டவாளத்தில்

பனிமலைக்கெனப் பிறந்த இம்முறை, 2011 முதல் இந்திய ரயில் பெட்டிகளிலும் இடம்பெறலாயிற்று. அதற்கு முன் ரயில் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்தது. அதனை அகற்றும் இழிநிலை மனிதர்மேல் சுமத்தப்பட்டது. இன்று நம் இரு ஊர்கள் வழியே சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் பொதிகை விரைவு வண்டி போன்றவற்றில், பெட்டியின் அடியிலுள்ள தொட்டியே கழிவை ஏற்கிறது.

எனினும் நுண்ணுயிர் எல்லாவற்றையும் செரிப்பதில்லை. கழிப்பறைக்குள் எறியப்படும் பிளாஸ்டிக் புட்டிகளும் துணிகளும் குழாயை அடைத்துவிடுகின்றன. 2017இல் வெளியான மத்திய தணிக்கைத் துறை அறிக்கையும் இத்தகைய அடைப்புகளைச் சுட்டிக்காட்டியது. அடைப்பை நீக்க மீண்டும் ஒரு மனிதரின் கையே நீளவேண்டியுள்ளது.

உறைபனியை வென்ற உயிர்களையும் நம் கவனக்குறைவு தோற்கடிக்கும். ஆதலின், கழிப்பறையில் குப்பை எறியாதிருத்தல் தூய்மை மட்டுமன்று. சக மனிதரின் மானத்தைக் காக்கும் அறமுமாகும் என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக!