சாங்கி முகாமில் பிறந்த கிறிஸ்மஸ்

கிறிஸ்மஸ் என்றதும் விளக்கு அலங்காரம், புத்தாடை, கேக், விருந்து என்றுதான் நம் நினைவு ஓடும். ஆர்ச்சர்ட் சாலையின் மின்விளக்குகளைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். ஆனால் வேலை போன வீட்டிலும், நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும், அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டிலும் அதே டிசம்பர் 25 வரத்தான் செய்கிறது. அந்த வீட்டாருக்குப் பண்டிகை என்பதே ஒரு பாரம். நாமும் போகிறோம், "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அந்தச் சொல் அவர்களுக்கு எத்தனை நாளைக்குத் துணை வரும்?

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலேயே ஒரு விடை இருக்கிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள் ஏறத்தாழ 50,000 பேர் சாங்கி வட்டாரப் படை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஐரோப்பியப் பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சாங்கிச் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள். அளந்து போட்ட சோறு, மருந்துத் தட்டுப்பாடு, வயிற்றுக்கடுப்பு, பெரிபெரி. செப்டம்பர் தொடக்கத்தில், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்துப் போட மறுத்ததற்காக 15,000 பேருக்கும் மேல் செலாராங் முகாமில் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். முன்பு தப்பிக்க முயன்ற நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டின் கிறிஸ்மஸ் எப்படி இருந்திருக்கும்?

நோயாளியின் கையில் தூரிகை

ராபர்ட்ஸ் முகாமில் கைதிகளுக்கான மருத்துவமனை இயங்கியது. அங்கே 151ஆம் எண் கட்டடத்தில் படுத்திருந்தவர்களில் ஒருவர் ஸ்டான்லி வாரன். பீரங்கிப் படையைச் சேர்ந்தவர், 25 வயது. கடுமையான வயிற்றுக்கடுப்பு, அதோடு சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து அவரை எலும்பும் தோலுமாக்கியிருந்தது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கைதிகள் சிற்றாலயமாக மாற்றியிருந்தார்கள். மருத்துவரான புனித லூக்காவின் பெயர் அதற்கு. பாடகர் குழுவினர் அங்கே பாடுவது படுக்கையிலிருந்த வாரனின் காதில் விழும். அவருக்கு ஓவியம் வரையத் தெரியும் என்று அறிந்த மதகுருமார், ஆலயச் சுவர்களில் வரைந்து தரும்படி கேட்டார்கள்.

வண்ணத்துக்கு எங்கே போவது? படைக்கலங்களை மறைக்கப் பூசும் பழுப்புச் சாயம் கொஞ்சம் கிடைத்தது. சிறிது சிவப்பு, சிறிது வெள்ளை. நீலத்துக்கு, பில்லியர்ட் ஆட்டத்தில் கோலின் நுனியில் தேய்ப்பார்களே, அந்தச் சுண்ணக்கட்டியைப் பொடித்துக் குழைத்தார்கள். இவற்றையெல்லாம் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் சக கைதிகள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். வாரனால் தொடர்ந்து நிற்க முடியாது. சில நிமிடம் வரைவார், பிறகு உட்கார்ந்துவிடுவார். அப்படியே இயேசு பிறப்பு ஓவியம் 1942 கிறிஸ்மஸுக்குள் முடிந்தது. அடுத்தடுத்து மொத்தம் ஐந்து ஓவியங்கள். ஒன்று சிலுவைக் காட்சி. வதைத்தவர்களை மன்னிக்கும்படி இயேசு வேண்டிய சொற்களை அதற்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். வெளியே துப்பாக்கியோடு காவல் நின்றவர்களையும் உள்ளடக்கிய வேண்டுதல் அது. இதைக் கைதி ஒருவர் வரைந்தார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய படைப்பிரிவினர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்ததால் வாரன் தங்கிவிட்டார். அந்தப் பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களும் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டு மடிந்தார்கள். சயாம் மரண ரயிலின் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்ட குடும்பங்கள் மலேசியாவில் எத்தனையோ. அந்த மக்கள் தீபாவளியையோ கிறிஸ்மஸையோ எப்படிக் கழித்தார்கள் என்று சொல்ல ஒரு சுவர் ஓவியமும் இல்லை.

தேதி பார்த்துக் காத்திருப்பது

நம்பிக்கை என்று நாம் ஒரே சொல்லால் சொன்னாலும், எல்லா நம்பிக்கையும் ஒன்றல்ல. நாஜி வதைமுகாம்களில் இருந்து பிழைத்த ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், தம் புகழ்பெற்ற நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். 1944 கிறிஸ்மஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் அவர் இருந்த முகாமில் சாவு எண்ணிக்கை திடீரெனக் கூடியது. வேலையோ உணவோ முன்பைவிட மோசமாகவில்லை, புதிய தொற்றுநோயும் வரவில்லை. கிறிஸ்மஸுக்குள் வீடு திரும்பிவிடுவோம் என்று பலர் உறுதியாக எண்ணியிருந்தார்கள், அது பொய்த்ததும் உடம்பும் விட்டுக்கொடுத்துவிட்டது என்பது முகாமின் தலைமை மருத்துவரின் கருத்து.

சாங்கி ஓவியத்திலும் கிறிஸ்மஸ் ஒரு கெடுதான். ஆனால் விடுதலைக்கான கெடு அல்ல, வேலையை முடிப்பதற்கான கெடு. அதற்குள் சுவர் தயாராக வேண்டும், அவ்வளவே. தன் கைக்கு எட்டிய ஒன்றுக்குத் தேதி குறித்தவரைக் காலண்டர் ஏமாற்றுவதில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் பலிக்காமல் போவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சரியாவது நம் கையில் இல்லை, கேட்பவருக்கும் அது தெரியும்.

அதே 1942 கிறிஸ்மஸுக்கு, சிறைக்குள் இருந்த குழந்தைகளுக்காகக் கைதிகள் பொம்மைகள் செய்தார்கள். டேவிட் கிரிபின் என்ற ஆஸ்திரேலியர் ஒரு கதை எழுதினார், லெஸ்லி கிரீனர் படம் வரைந்தார். ஒரு தவளை, ஒரு குரங்கு, ஒரு பல்லி, மகிழ்ச்சியின் இரகசியம் அடங்கிய ஒரு பெட்டி. 'மகிழ்ச்சிப் பெட்டி' என்றே பெயர். வினை எங்கே வந்தது தெரியுமா? பல்லிக்கு வின்ஸ்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள்! சர்ச்சிலின் பெயர் அல்லவா? இரகசியச் செய்தி ஒளிந்திருக்கும் என்று ஜப்பானியர் சந்தேகித்தார்கள். புத்தகம் குழந்தைகள் கைக்குப் போகவே இல்லை. மண்ணில் புதைத்துக் காப்பாற்றி, போருக்குப் பின் 1947இல் அச்சிட்டார்கள். கிரிபின் பின்னாளில் சிட்னி மாநகரத் தலைவரானார்.

வாரனின் சுவர்களுக்கும் நல்ல காலம் உடனே வரவில்லை. போர் முடிவதற்குள்ளேயே சிற்றாலயம் வேறு உபயோகத்துக்குப் போனது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, ஓர் ஓவியத்தின் கீழ்ப்பகுதியை இடித்து வாசல் வைத்தார்கள். 1958இல் பிரிட்டிஷ் விமானப்படையினர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். வரைந்தவர் யார் என்ற தேடல் லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனிடம் போய் முடிந்தது. அவருக்கு வர மனமில்லை. மறக்கப் பாடுபட்ட நாள்கள் அல்லவா? ஒருவழியாக 1963 டிசம்பரில் வந்தார். பிறகு 1982இலும் 1988இலும் வந்து செப்பனிட்டார். இடிபட்ட பகுதியில் என்ன வரைந்தோம் என்று அவருக்கே நினைவில்லை. அதன் மூல வரைபடத்தைப் பழைய கைதி ஒருவர் பத்திரமாக வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. வாரன் 1992இல் காலமானார்.

அந்தச் சுவர்கள் இருப்பது விமானப்படைத் தளத்துக்குள். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் சாங்கி தேவாலயம், அரும்பொருளகத்தில் நகல்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள், நீலம் தெரியும் இடத்தைக் காட்டி, இந்த வண்ணம் எதிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.