கரையேறியவர்க்கு ஓர் இல்லம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. வலையிழுக்கும் வலிமை குன்றியதும் மீனவரின் வருவாய் நின்றுவிடுகிறது. தமிழக அரசு 2023 ஆகஸ்டில் நிர்ணயித்த முதியோர் ஓய்வூதியம் மாதம் ரூ.1,200. கட்டணம் பெறும் முதியோர் இல்லத்தில் சேர இத்தொகை போதாது.

வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றையாவது மாவட்டந்தோறும் அரசு அமைக்கலாம் என்கிறது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. ‘அமைக்க வேண்டும்’ என்னாது ‘அமைக்கலாம்’ என்றதே அதன் வலுவைக் குறைத்துவிட்டது.

தனியார் இல்லம் நடத்துவோர் அதனை முறையாகப் பதிவு செய்தல் வேண்டும். பதிவு வெறுஞ்சடங்கன்று, பதிவற்ற இல்லத்தில் உணவு குறைந்தாலும் மருந்து தவறினாலும் கேட்பாரில்லை. இல்லம் அமையும் இடமும் கருதத்தக்கது. விடியுமுன் தோணியேறும் பிள்ளைகள் தொலைவிலுள்ள இல்லத்திற்கு அடிக்கடி வர இயலாது. ஏரியருகே அமைந்தால் மீன் விற்றுத் திரும்பும் வழியிலேயே பெற்றோரைக் காணலாம்.