கத்திக்குப் பூச்சு அவசியமா?

பொருட்காட்சிக்குப் போனால் இப்போதெல்லாம் கத்தி விற்கிற கடை முன்னால்தான் கூட்டம். பச்சை, ஊதா, சிவப்பு என்று மிட்டாய் மாதிரி கலர் கலராகக் கத்திகள். "துரு பிடிக்காதும்மா, காய் ஒட்டாதும்மா, ஸ்பெஷல் கோட்டிங்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் தக்காளியைச் சரசரவென்று நறுக்கிக் காட்டுவார். வாங்கி வந்த பிறகுதான் சந்தேகம் பிறக்கும். "டாக்டர், அந்தப் பூச்சு உரிஞ்சு வயித்துக்குள்ள போனா கேன்சர் வருமாமே?" என்று என்னிடம் கேட்பவர்கள் அநேகம் பேர்.

கத்தியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு பக்கவாட்டில்தான் இருக்கும். காயை வெட்டுகிற விளிம்பு பெரும்பாலும் வெள்ளையாக மின்னும். அங்கே பூச்சு இருந்தாலும் ஒருமுறை சாணை பிடித்ததுமே போய்விடும். ஆக, கூர்மைக்கும் பூச்சுக்கும் சம்பந்தமே இல்லை. உருளைக்கிழங்கு வில்லை கத்தியில் ஒட்டாமல் விழும். அவ்வளவுதான் லாபம்.

சரி, கெடுதல்? ஒட்டாத பூச்சுகளில் பிரபலமானது டெஃப்லான். இதைப் பற்றிய பயம் தோசைக்கல்லில் இருந்து வந்தது. வெறும் கல்லை 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் காயவிட்டால் அந்தப் பூச்சு சிதைந்து புகை கிளம்பும். அதைச் சுவாசிப்பது நல்லதல்ல. இன்னொன்று, இதைத் தயாரிக்க முன்பு உபயோகித்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2023-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015-க்குள்ளாகவே அதைக் கைவிட்டுவிட்டன. ஆனால் கத்தியை யாரும் அடுப்பில் வைப்பதில்லையே! துணுக்கு ஒன்று உரிந்து உள்ளே போனாலும் டெஃப்லான் ஜீரணமாகாது, ரத்தத்தில் சேராது. வந்த வழியே வெளியே போய்விடும்.

எல்லாக் கலரும் டெஃப்லான் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன பூச்சு என்று அட்டையில் ஒரு வரிகூட எழுதாத மலிவுக் கத்திகளும் வருகின்றன. அதில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று யார் கண்டது? அந்த மாதிரிக் கத்தியில் பெயின்ட் உரிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எவர்சில்வர் கத்திக்கோ தனிப் பூச்சே தேவையில்லை. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு உலோகம் தேடப் போய், துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். சூட்சுமம் அதில் இருக்கிற குரோமியம். காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை அது தானே போர்த்திக்கொள்ளும். கீறினாலும் மறுபடி போர்த்திக்கொள்ளும். காசு கொடுத்து வாங்குகிற பூச்சுக்கு இந்த சாமர்த்தியம் கிடையாது. அதற்காக உப்பும் எலுமிச்சையும் பட்ட கத்தியை ராத்திரி முழுக்க சிங்க்கில் ஊறப் போடாதீர்கள். எவர்சில்வரிலும் புள்ளி விழும்.

இனி நம்ம இரும்பு அரிவாள்மனை. எங்கள் செஞ்சிப் பக்கம் தேசூரை அடுத்து சீயமங்கலம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே உண்டு. அந்தக் கருங்கல்லைச் செதுக்கிய உளிகளுக்கு யார் கோட்டிங் கொடுத்தார்கள்? முனை மழுங்கினால் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். அரிவாள்மனைக்கும் அதே கதைதான். அதற்கு வேண்டிய பூச்சு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. நறுக்கி முடித்ததும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். ஒரு நிமிஷ வேலை.

வாழைப்பூவும் வாழைக்காயும் அரிவாள்மனையில் கறுத்துப் போகிறதே என்பீர்கள். காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து வருகிற கறுப்பு அது. விஷமில்லை. மோர் கலந்த தண்ணீரில் நறுக்கிப் போட்டால் அந்த அளவுக்குக் கறுக்காது.

"துருவும் இரும்புச் சத்துதானே டாக்டர், ரத்தம் ஊறாதா?" என்று ஒரு அம்மா கேட்டார். ஊறாது. துருவை உடம்பு லேசில் கிரகிக்காது. சித்த மருத்துவத்தில் சோகைக்கு அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கிறோம் என்றால், அவை சுத்தி செய்து, அரைத்து, புடம் போட்டு எடுத்தவை. அதையும் வைத்தியர் சொல்கிற அளவில்தான் சாப்பிட வேண்டும். சோகை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரிவாள்மனையை நம்பி உட்காராதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை இன்னொரு நம்பிக்கையில்தான். 'துருப்பிடித்த இரும்பு கிழித்தால்தான் தனுர்வாதம் வரும், நம்ம கத்தி பளபளவென்று இருக்கிறதே' என்று நினைத்துப் பலர் ஊசி போடாமல் இருந்துவிடுகிறார்கள். தனுர்வாதக் கிருமி துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் அதன் வித்துக்கள் கிடக்கின்றன. தோட்டத்தில் கீரை அறுத்த கத்தி எவ்வளவு உசத்தியான கோட்டிங் போட்டதாக இருந்தாலும், மண் பட்டிருந்தால் ஆபத்து ஆபத்துதான். ஒரு காலத்தில் பிரசவ வீட்டில் கையில் கிடைத்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து எத்தனை பச்சைக் குழந்தைகள் இந்த நோய்க்குப் பலியாயின! தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் வந்த பிறகு, 2015-ல் தாய்-சேய் தனுர்வாதம் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கிருமி என்னவோ இன்னும் மண்ணில் இருக்கிறது.

ஆகவே விரலை நறுக்கிக்கொண்டால் முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். காப்பிப் பொடி வேண்டாம். ஆழமான காயத்தில் சமையல் டப்பாவிலிருந்து மஞ்சள்தூளை அள்ளி அப்புவதும் வேண்டாம், சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். ரத்தம் நிற்கவில்லை, விரல் மரத்துப் போகிறது, மடக்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முறையாகத் தடுப்பூசி போட்டவராக இருந்தால், கடைசி ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். மண், சாணம் பட்ட காயமென்றால் ஐந்து வருஷமே கணக்கு. கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டதால் பெண்களுக்காவது தேதி ஞாபகம் இருக்கும். வீட்டுக்காரரையும் மாமனாரையும் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.